படிவத்தை வாங்கியவரே பொறுப்பு

விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் வரை சுருட்டப்பட்டது 2020-இல் வெளிவந்தபோது, கடலூர் மாவட்டமும் பட்டியலில் இருந்தது. கொரோனா உதவித்தொகை என்று சொல்லி இடைத்தரகர்கள் ஆதாரையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வாங்கினார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாள் கைக்குப் போனதால், விண்ணப்பித்த கையே ஒப்புதலும் தந்தது. கடைசியில் விவரம் கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தே பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. "ஆதாரை ஏன் கொடுத்தாய்?" என்று அவர்களைக் கேட்பது சுலபம். திட்டக்குடி இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு நிற்பவர் கொடுக்காமல் என்ன செய்வார்?

ஆகவே காப்பது வாங்குகிறவரின் வேலை. ஜாவா நிரல்மொழியில் எழுதிய இணையச் செயலியையே பாருங்கள். கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம்தான் என்று திரையில் தடுப்பது வெறும் வசதி. உலாவியையே ஒதுக்கிவிட்டு எவரும் சர்வருக்கு நேராக எதையும் அனுப்பலாம். படிவத்தில் வந்ததை எடுத்துத் தரும் 'கெட்பாராமீட்டர்' என்ற ஜாவா கட்டளை, வந்த எழுத்தை அப்படியே நீட்டும், நல்லது கெட்டது பார்க்காது. சர்வரில் மறுபடி சோதிக்க வேண்டும். தரவுத்தளத்துக்கு, வந்த எழுத்தைக் கட்டளையோடு கலக்காமல் தனியாக வைக்கும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் எக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் ஓட்டை இருந்தது ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா கட்டமைப்பில், படிவத்தோடு வரும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதியில். 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்தும் போடாமல் விட்டதால், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. கடவுச்சொல்லை ஆளே கொடுத்துவிட்டால் நிரல் என்ன செய்யும் என்பார்கள். நிறையச் செய்யும்: ஒப்புதலுக்கு அதிகாரியின் கைபேசிக்கு ஓடிபி கேட்கும், ஒரே கணக்கில் ஒரே இரவில் ஆயிரம் ஒப்புதல் போனால் நிறுத்திவைக்கும், யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்று பதிந்துவைக்கும். செலவு என்பதும் சாக்குதான். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருக்கக் காசு ஆகாது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. நம் விவரத்தைப் பார்க்க, திருத்த, நீக்கக் கேட்கும் உரிமையும் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. இந்தத் தாமதம் நியாயமில்லை. அதுவரை, ஏற்கும் இடங்களில் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். விண்ணப்ப எண் உள்ள ரசீதை வாங்கிவையுங்கள். பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.