பார்த்ததும் கேட்டதும்

மதுரையின் தென்பகுதியான பழங்காநத்தத்தில் வசிக்கும் ஒரு தாய், சில காலத்திற்கு முன், நான்கு பக்கக் காகிதம் ஒன்றைத் துணிப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “வக்கீலையா, இதில் என் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டார். காகிதம் முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. அவருடைய மகனை மனோதத்துவ நிபுணர் ஒருவர் பரிசோதித்து எழுதிய அறிக்கை அது. மகனுக்கு வயது இருபத்துமூன்று. தன்னைப் பற்றிய அந்தத் தஸ்தாவேஜை அவன் படித்ததில்லை, பெற்றவளும் படித்ததில்லை. படித்துப் புரிந்துகொண்டவர் குடும்பத்தில் ஒருவர்தான். அவர் அந்த இளைஞனின் சிற்றப்பன். மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் மிஞ்சியிருக்கும் சிறிதளவு குடும்ப நிலத்தில், காலஞ்சென்ற தமையனின் பாகம் இந்தப் பிள்ளைக்கு வரவேண்டியது. அவன் சொத்தை நிர்வகிக்கத் தகுதியற்றவன் என்பதற்கு அந்தக் காகிதத்தையே அவர் கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டினார்.

அந்தத் தாயின் இசைவுடனும் அவருடைய மகனின் இசைவுடனுமே இதை எழுதுகிறோம். பெயர்களையும் ஆஸ்பத்திரியின் அடையாளத்தையும் விட்டுவிட்டோம். ஒரு தனி நபரைக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று.

அறிக்கையில் நாம் கண்ட வாசகங்கள் இவை: நோயாளி முரட்டுக் குணமுள்ளவர், வீட்டாரை அடிப்பவர், பணத்தின் மதிப்பை அறியாதவர், பரிசோதனைக்கு ஒத்துழைக்காதவர். தாய்க்கு இதைத் தமிழில் படித்துக் காட்டியபோது அவர் அழவில்லை, ஆச்சரியப்பட்டார். “என் பிள்ளை யாரை அடித்தான்? உழவர் சந்தையில் என்னோடு உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கிறவன் அவன்தானே!” என்றார். யார் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது என்று விசாரித்தோம். சிற்றப்பன்தான் என்றார். பொழுது விடியுமுன் புறப்பட்டு, வெறும் வயிற்றோடு பகல் வரையில் காத்திருந்து, பழக்கமில்லாத பாஷையில் கேள்விகளைக் கேட்ட பிள்ளை வாய்மூடி இருந்துவிட்டான். அதற்கு இட்ட பெயர்தான் ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது.

பின்னர் சாட்சிக் கூண்டில் நிபுணரிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி ஒன்றே. “இவர் யாரையாவது அடித்ததைத் தாங்கள் பார்த்தீர்களா?” “பார்க்கவில்லை, உடன் வந்தவர் சொன்னார்.” உடன் வந்தவரோ வழக்கின் எதிர்க்கட்சிக்காரர். நிபுணர் பொய் சொன்னவர் அல்லர். கேட்டதைப் பார்த்ததைப் போல எழுதிவிட்டார், அவ்வளவே. அந்த ஒரு பிழையால் ஒரு பிரஜையின் நிலமும் மானமும் தராசில் ஏறிவிட்டன.

இந்தப் பிழையைத் தடுக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. அந்நிய ஆட்சியார் 1912-ம் வருஷத்தில் இயற்றிய இந்திய லூனஸி சட்டத்தை நாம் போற்றுபவர்கள் அல்லோம். மனநோயாளியைச் சுவருக்குள் அடைத்துவைத்து, ஊரைக் காப்பதே அதன் பிரதான நோக்கம். ஆயினும் அதில் ஒரு நேர்மையான விதி இருந்தது. ஒருவருக்குச் சித்தபேதம் என்று சான்றளிக்கும் வைத்தியர், தாமே நேரில் கண்ட விஷயங்களைத் தனியாகவும், பிறர் தமக்குச் சொன்ன விஷயங்களைத் தனியாகவும் எழுத வேண்டும். பிறர் சொன்னதை மட்டும் ஆதாரமாகக் கொண்ட சான்றின்மீது, மனுச் செய்தவரின் வேண்டுகோளை ஏற்று, ஒருவரை அடைத்துவைக்க உத்தரவிடக் கூடாது. அந்தச் சட்டம் 1987-ம் வருஷத்து மனநலச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அந்த 1987-ம் வருஷத்துச் சட்டமும் 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்திற்கு இடம் கொடுத்தது. நீக்கப்பட வேண்டியவை நீங்கின. ஆனால் பார்த்ததையும் கேட்டதையும் பிரித்தெழுதும் அந்தப் பழக்கம் நீங்கியிருக்க வேண்டியதில்லை.

நிபுணரின் அறிக்கை தீர்ப்பு அன்று, அபிப்பிராயம். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அதை அபிப்பிராயம் என்றே அழைத்து, அந்த அபிப்பிராயத்தின் காரணங்களையும் கோர்ட் ஆராயலாம் என்றது. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய சாட்சியச் சட்டமும் இந்தக் கொள்கையை மாற்றவில்லை. ராம் நாராயண் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1988-ல் இதைத் தெளிவாக்கியது. மனச்சிதைவு என்ற காரணத்தைக் காட்டிக் கணவர் விவாகரத்துக் கோரிய வழக்கு அது. நோயின் பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் போதாது. அந்த நோய் எவ்வளவு கடுமையானது, வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். நமது குடும்பங்களிலோ பெயர் ஒன்றே போதும் என்ற நிலை இன்னும் இருக்கிறது. பெண் கொடுக்க மறுப்பதற்கும், வேலை கொடுக்க மறுப்பதற்கும், பாகம் கொடுக்க மறுப்பதற்கும் அது ஆயுதமாகிறது.

தேசத் தொண்டில் ஈடுபட்ட வாசகர்கள், “இது வைத்தியர்கள் விஷயம், நமக்கென்ன?” என்று கேட்கக்கூடும். அவர்களுக்கு சோவியத் ரஷ்யாவில் நடந்ததை நினைவூட்டுகிறோம். பியோதர் கிரிகொரெங்கோ அந்நாட்டுச் சேனையில் ஜெனரலாக இருந்தவர். சர்க்காரைக் கண்டித்துப் பேசியதற்காக 1969-ல் கைது செய்யப்பட்டார். தாஷ்கண்டில் அவரைப் பரிசோதித்த வைத்தியக் குழு, அவருடைய சித்தம் தெளிவாகவே இருக்கிறது என்று எழுதியது. அதே வருஷத்தில் மாஸ்கோவின் செர்ப்ஸ்கி ஸ்தாபனம், அவர் மனநோயாளி என்று எழுதியது. ஒரே மனிதர், ஒரே வருஷம், இரண்டு அறிக்கைகள். சர்க்காருக்கு உகந்த அறிக்கை வென்றது. 1974 வரையில் அவர் மனநோய் ஆஸ்பத்திரிகளில் அடைபட்டிருந்தார். கீவ் நகரத்து இளம் வைத்தியரான செம்யோன் குளூஸ்மன் 1971-ல் தமது சொந்த அறிக்கையை எழுதினார். தாம் ஜெனரலை நேரில் பார்க்கவில்லை என்பதை மறைக்காமல், கிடைத்த ஆவணங்களை மட்டும் கொண்டு, அவருக்கு மனநோய் இல்லை என்று காரணங்களுடன் நிறுவினார். அதற்குக் கிடைத்த பரிசு ஏழு வருஷக் கடுங்காவலும் மூன்று வருஷ நாடுகடத்தலும் ஆகும். அறிக்கை எழுதும் பேனா விலங்காகவும் ஆகலாம், விலங்கை வெட்டும் உளியாகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

நமது 2017-ம் வருஷத்துச் சட்டம் இந்த அபாயத்தை உணர்ந்தே இயற்றப்பட்டிருக்கிறது. அரசியல், பொருளாதார, சமூக அந்தஸ்தைக் கொண்டோ, ஜாதி மதத்தைக் கொண்டோ ஒருவரை மனநோயாளி என்று நிர்ணயிக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. ஊரார் ஒப்புக்கொண்ட ஒழுக்கக் கொள்கைக்கோ, அரசியல் கொள்கைக்கோ, மத நம்பிக்கைக்கோ ஒருவர் இணங்காததும் மனநோய்க்கு அடையாளம் ஆகாது. முன்பு ஒரு காலத்தில் சிகிச்சை பெற்றார் என்பது மட்டும் இன்று அவர் நோயாளி என்பதற்குச் சான்றாகாது. மனநோய் உண்டு என்று கண்டதாலேயே சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது. அதைக் கூற வேண்டியது தகுதியுள்ள கோர்ட். நமது பழங்காநத்தத்து இளைஞனுக்கு இந்த விதிகளே பெரிய அரண். ஆனால் அரண் இருப்பது அவனுக்கும் அவன் தாய்க்கும் தெரியாது.

அதே சட்டத்தின் 23-வது பிரிவு நோயாளியின் விஷயங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. 25-வது பிரிவு, தம்மைப் பற்றிய அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. பெருந்தீங்கு நேரும் என்ற அச்சத்தால் எதையேனும் மறைத்தால், அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் மனுச் செய்யலாம் என்பதையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நம்மிடம் வந்த விஷயத்தில் நடந்ததோ நேர்மாறு. உரியவனுக்குக் கிடைக்காத காகிதம் உறவினர் கைக்குக் கிடைத்தது.

இனி, அறிக்கைகளில் காணும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தியை அளக்கும் சோதனையை 1905-ல் பிரான்ஸில் ஆல்பிரெட் பினே அமைத்தபோது, பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தைக்குத் தனி உதவி வேண்டும் என்று அறிவதே அவருடைய நோக்கம். புத்தி மாறாத ஓர் அளவு என்று நினைப்பதை அவரே கண்டித்தார். நமது தேசத்தில் காமத் 1934-ல் அந்தச் சோதனையைக் கன்னடத்திற்கும் மராத்திக்கும் ஏற்ப அமைத்தார். அது பினே-காமத் சோதனை என்ற பெயரால் வழங்குகிறது. இவ்வகைச் சோதனைகளில் சராசரி எண் 100; சுமார் 70-க்குக் கீழே போனால் குறைபாடு உண்டோ என்று ஆராய்வது வழக்கம். ஆனால் ஒரே மனிதருக்கு இன்று 68 வரலாம், மறு தடவை 73 வரலாம். பசியும் பயமும் பாஷையும் எண்ணை மாற்றும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பல சலுகைகளுக்கு 40 சதவிகிதக் குறைபாடு என்ற எல்லை இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சோற்றை நிர்ணயிக்கும் எண்ணை எழுதுபவர், அந்த எண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர்.

“இத்தனை வம்பும் எதற்கு? அறிக்கையே எழுதாமல் விட்டுவிடலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். அது இதைவிடப் பெரிய தீங்கு. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்கே 1987-ம் வருஷத்துச் சட்டம் கோரிய லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் பெற்ற இடத்தில் அந்தச் சட்டத்தின்படி அதிகாரி வந்து பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்க முடிந்தது. எவரும் பார்க்காத, எவரும் எழுதாத இடத்தில் மனிதன் கணக்கில் வராத பொருளாகிவிடுகிறான். 2017-ம் வருஷத்துச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்துவிட்டது. இரும்புச் சங்கிலியைத் தடுத்தது போல் காகிதச் சங்கிலியையும் தடுக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. நன்றாக எழுதப்பட்ட அறிக்கை சிகிச்சைக்கு வழிகாட்டும். உதவித் தொகையைப் பெற்றுத் தரும். பரீட்சையில் அதிக நேரம் வாங்கித் தரும். செய்யாத குற்றத்திலிருந்து காப்பாற்றவும் செய்யும். ஆகையால் எழுத வேண்டும். யோக்கியமாக எழுத வேண்டும்.

நிபுணர்களின் சிரமத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம். காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் களைத்த கையோடு அறிக்கை எழுதுபவர்கள் பலர். அவர்களுக்கு நமது யோசனைகள் பாரமாக இரா என்று நம்புகிறோம். முதலாவது, தாம் கண்டதை ஒரு தலைப்பிலும், பிறர் சொன்னதை வேறொரு தலைப்பிலும் எழுதுக. சொன்னவர் யார், அவருக்கும் நோயாளிக்கும் என்ன உறவு என்பதைக் குறிப்பிடுக. இரண்டாவது, ‘முரடர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எழுதுக. மூன்றாவது, சோதனையின் பெயர், நடந்த தேதி, கேட்ட பாஷை, அன்று நோயாளி இருந்த நிலை ஆகியவற்றைச் சேர்த்து எழுதுக. நான்காவது, அவரால் முடியாததை எழுதிய பக்கத்திலேயே முடிந்ததையும் எழுதுக. சந்தையில் சில்லறை எண்ணுகிறவன் என்பதும் பரிசோதனையின் உண்மைதான். ஐந்தாவது, முடிவையும் யோசனையையும் நோயாளி படிக்கத்தக்க தமிழில் ஒரு பக்கமாவது எழுதி, அவர் கையில் கொடுக்குக. தன்னைப் பற்றி எழுதியதை உரியவரே படிப்பார் என்ற நினைவு இருந்தால், பேனா தானாகவே நிதானம் அடையும்.

சர்க்காருக்கும் இதில் கடமை உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தமிழ்ச் சுருக்கம் தருவதை விதியாக்குவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் உத்தரவே போதும்.

கடைசியாக நமது வாசகர்களுக்கு. மேடை ஏறும்போது எதிர்க்கட்சிக்காரரைப் ‘பைத்தியம்’ என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அதுவும் நேரில் பரிசோதிக்காமல், பிறர் சொன்னதைக் கேட்டு எழுதும் அறிக்கைதான். அந்தக் கைதட்டலைக் கேட்கும் கூட்டத்தில், நோயோடு போராடும் ஒரு பிள்ளையின் தாயும் நின்றுகொண்டிருப்பாள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருக்குமானால், அவர்களிடம் சென்று, “உங்கள் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை” என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

பழங்காநத்தத்து வழக்கு இன்னும் முடியவில்லை. வேறொரு நிபுணர் இளைஞனை மூன்று நாட்கள் தமிழில் பேசிப் பரிசோதித்து, புதிய அறிக்கை எழுதியிருக்கிறார். நோய் உண்டு என்றுதான் அதிலும் இருக்கிறது. மருந்து வேண்டும், உதவி வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் தாய் சொன்னது இது, சிற்றப்பன் சொன்னது இது, நான் பார்த்தது இது என்று மூன்றும் தனித்தனியே இருக்கின்றன. அந்த அறிக்கையை இளைஞன் தானே வாசித்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதி தவறு என்று எடுத்துக் காட்டினான். நிபுணர் அதைத் திருத்திக் கையெழுத்திட்டார்.