ரத்தம் போகிறவருக்கு எதற்கு ஹெப்பாரின்?

போன வாரம் மூளையில் ரத்தம் கசிவதைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு நேர் எதிர்: கசியாமல் உறைவது. அதுவும் குடல் நோயால்.

மும்பையின் பாண்டுப் மேற்கில், மலைச்சரிவில் இருக்கிற சால் குடியிருப்பில் இருக்கிறார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாகப் பேதி, கூடவே ரத்தம். மூலம் என்று கொஞ்ச நாள், அமீபா என்று கொஞ்ச நாள் போனது. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்ததில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் முழுக்கப் புண். சென்ற மழைக்காலத்தில் நோய் முற்றி, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போக ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட நர்ஸ் வந்தபோது அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"ஏற்கெனவே ரத்தமாப் போய்க்கிட்டு இருக்கு. இதுல ரத்தத்தத் தண்ணியாக்குத ஊசி போடப் போறாங்களாம். நீங்க கொஞ்சம் கேளுங்க தம்பி."

நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஊசி மருந்தான ஹெப்பாரின் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை; புதிதாக ரத்தக் கட்டி சேராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். குடலில் ரத்தம் கசிகிற அதே ஆளுக்குக் காலிலும் நுரையீரலிலும் உறைவதற்குத்தான் டாக்டர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ரத்தம் கொட்டுகிற அளவுக்குப் போனால் மட்டும் ஊசியை நிறுத்தி வைப்பார்கள்.

அழற்சி குடலோடு நிற்பதில்லை. தட்டணுக்கள் பெருகுகின்றன, ஃபைப்ரினோஜன் ஏறுகிறது, உறைவதைத் தடுக்கிற புரதங்களோ புண்ணான குடல் வழியே வெளியேறுகின்றன. படுத்தே கிடப்பது ஒரு பக்கம், அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு இன்னொரு பக்கம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் இருவர், பார்கனும் பார்க்கரும், இதை 1936லேயே எழுதி வைத்துவிட்டார்கள். குடல் அழற்சி உள்ளவருக்கு ரத்தக் குழாயில், அதாவது சிரையில் கட்டி சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் அது இன்னும் பல மடங்கு ஏறும்.

பக்கவாதக் கணக்கு இவ்வளவு மிரட்டுவதில்லை. ஸ்வீடனில் 85 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடல் அழற்சி நோயாளிகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில் கூடுதல் அபாயம் 13 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இளவயதினரிடம் நான் கவனிக்கச் சொல்வது மூளையின் சிரையில் வரும் உறைவைத்தான். நாள்கணக்கில் விடாத புதுத் தலைவலி, வாந்தி, கண் மங்கல், சில சமயம் வலிப்பு. "ஒற்றைத் தலைவலி" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே போக வேண்டும். முகம் கோணி, பேச்சு குழறினால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.

இனி, உறைவுக்கு வழிவிடும் தண்ணீர்க் குறைவு. அண்ணாச்சிக்கு வேலை தாதரில். போவது ஸ்லோ லோக்கல் ரயிலில்; காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர் என்று நின்று நின்று போகும் வண்டி. அதில் கக்கூஸ் கிடையாது. சாலில் இருப்பதோ பொதுக் கக்கூஸ். விடியற்காலையில் டப்பாவோடு வரிசை. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: காலையில் ஒரு வாய் சாயாகூடக் குடிக்காமல் கிளம்புவது, மதியம் வரை சொட்டுத் தண்ணீர் இல்லை. மும்பைக்குத் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பும் பெரிய நிலையம் இதே பாண்டுப்பில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேதியில் ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு, மேலே இந்தப் பட்டினி. உறைவுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டியதில்லை.

டாக்டர் இதைக் கேட்கவில்லை, அண்ணாச்சியும் சொல்லவில்லை. கேட்டது நர்ஸ்தான், மராட்டியில். "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் ரத்தப்போக்கு குறைந்தது, ஒன்பதாம் நாள் வீடு. இப்போது பையில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறார். பாண்டுப் முதல் தாதர் வரை எந்த ஸ்டேஷனில் கக்கூஸ் எந்த முனையில், எது பூட்டியிருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

(தொடரும்)