படிக்கிற பிள்ளைக்கு நட்டஈடு இல்லையா?

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் டிப்பர் மோதி மௌத்தான ஒரு மாணவனின் வாப்பா, சென்ற நோன்புக்குச் சற்று முன்னர் ஒரு கடதாசியோடு என் வீட்டுக்கு வந்தார். பிள்ளை என்னிடம் தமிழ் படித்தவன். உயர்தர வகுப்பில் இருந்தான். கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. வாகனச் சொந்தக்காரர் 75,000 ரூபா தருவார், இத்துடன் எல்லா உரிமைகோரல்களும் முடிந்தன என்பதே அதன் சாரம். கையொப்பம் வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்கள்.

"படிக்கிற பிள்ளைதானே சேர், உழைப்பு இல்ல. கோட்டுக்குப் போனாலும் ஒண்டும் கிடைக்காதாம். இதை எடுக்கச் சொல்றாங்க" என்றார்.

இடையில் நின்று பேசியவர் முழுப்பொய் சொல்லவில்லை; பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஒருவரின் கவலையீனத்தால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு இலங்கையில் நட்டஈடு கேட்பது உரோம – டச்சுச் சட்டத்தின் வழியாக. அதன் வேர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டின் அக்குயிலியச் சட்டம். அடிமையையும் மாட்டையும் கொன்றால் என்ன கட்டவேண்டும் என்று கணக்குப் பார்த்த சட்டம் அது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை இல்லை என்பது உரோமரின் கொள்கை. கேட்க உயர்வான கொள்கைதான். ஆனால் அதன் விளைவு என்ன? செத்தவரின் உழைப்பில் வாழ்ந்தவர்கள் அந்த வருமான இழப்பைக் கேட்கலாம், ஜனாஸாச் செலவைக் கேட்கலாம். பிள்ளையை இழந்த துயரத்துக்கு ஒரு சதமும் கேட்க முடியாது. உழைக்காத பிள்ளை என்றால் கணக்கில் பூச்சியம்.

இது வெளிச்சத்துக்கு வந்தது பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில். மூளையில் கட்டி வந்து இறந்த ஒரு சிறுமியின் தந்தை, வைத்தியர்மீது போட்ட வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தொகையை வெகுவாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் செயலால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கையே தள்ளியது. பணக் கணக்கில் அடங்காத இழப்புக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னது.

அந்தக் கதவு 2019 இல் திறந்தது. ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுதல் பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், இறந்தவரின் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்காக நெருங்கிய குடும்பத்தவர் நட்டஈடு கேட்க வழிசெய்கிறது. பிள்ளை உழைத்தானா என்பது இனி முதற் கேள்வியல்ல. நம் ஊர்ப் பக்கம் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கு அந்தப் பென்சில் புள்ளடியே சாட்சி.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியதும் 'வழக்கு முடிஞ்சுது' என்று நம்மவர்கள் வந்துவிடுகிறார்கள். அது அரசாங்கத்தின் வழக்கு. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். அதற்கு 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் தரும் தவணை இரண்டு வருடம். வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருந்தால் தீர்ப்புப் பணத்தைக் கட்டும் பொறுப்பு கம்பனிக்கு வரும். ஆனால் வழக்குப் போட்ட அறிவித்தல் உரிய காலத்துக்குள் அதற்குப் போயிருக்க வேண்டும். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்களுக்கென்றே 1978 இல் சட்ட உதவி ஆணைக்குழு உண்டாக்கப்பட்டது. மோதிய வாகனம் எதென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மகன்ட மையத்துக்குக் காசு வாங்கிறதா சேர்? அல்லாஹ்ட நாட்டம்."

இதுதான் எனக்குக் கடினமான இடம். கத்ரை நம்புகிற மனிதரிடம் வாதாட முடியாது. "நானா, தவறுதலாக நடந்த கொலைக்கும் குடும்பத்துக்குத் தியத் கொடுக்கச் சொல்லி சூறா அந்நிஸாவில இருக்குதானே, 92 ஆம் வசனம். மன்னிக்கிற உரிமையும் குடும்பத்துக்குத்தான். மன்னிக்கிறதெண்டா நீங்க மன்னியுங்க. அந்தாள் ஏன் உங்களுக்காகக் கணக்கை முடிக்கோணும்?" என்றேன். தியத்தும் இந்த நட்டஈடும் ஒன்றல்ல, அதையும் சொன்னேன். தியத் வாரிசுரிமைப்படி பங்காகும். புதிய சட்டத்தில் உம்மாவின் இழப்பு உம்மாவுடையது, வாப்பாவின் இழப்பு வாப்பாவுடையது.

விபத்துத் திகதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினேன். இரண்டு வருடம் முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மரணச் சான்றிதழ், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, வாகன இலக்கம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். கையொப்பம் வைக்காத கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

படலையடியில் நின்று திரும்பினார். "அவன்ட சைக்கிள் இன்னும் பொலிஸிலதான் கிடக்குது. எடுக்கலாமா சேர்?"

"முதல்ல போட்டோ எடுங்க நானா. பிறகு எடுக்கலாம்."