விழுப்புரத்தில் இறங்குங்கள்... ஒரு பை, மூன்று நாள் போதும்!

விழுப்புரம் ஜங்ஷனில் தினமும் எத்தனையோ பேர் இறங்குகிறார்கள். பலரும் ஊரைப் பார்க்க இறங்குவதில்லை, அடுத்த வண்டியைப் பிடிக்கத்தான். முதுகில் பெரிய பையோடு வரும் வெளிநாட்டுக்காரர்களும் அப்படியே. புதுச்சேரிக்கு ஒரு ரயில், திருவண்ணாமலைக்கு ஒரு ரயில், நடுவில் ஒரு டீ. அதோடு விழுப்புரம் முடிந்தது!

பேக்பேக்கர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நகரத்தில் மலிவாக அறை எடுத்துக்கொண்டு, தினம் ஒரு திசையில் போய்வருவார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தங்கினால், ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் புளூ மவுன்டன்ஸ் மலைப்பகுதி. பார்த்துவிட்டு ராத்திரி அறைக்குத் திரும்பிவிடலாம். அதே கணக்கை விழுப்புரத்தில் போட்டுப் பார்ப்போமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ், தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை... இவ்வளவு இருந்தால் கிளம்பிவிடலாம்.

முதல் நாள்: திருவாமாத்தூர்

ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். பம்பை ஆற்றங்கரையில் அபிராமேஸ்வரர் கோயில். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுவாமிக்கு ஒரு கோயில், எதிரே முத்தாம்பிகை அம்மனுக்குத் தனிக் கோயில். இங்குள்ள வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

உண்மையில் இது நாடோடிகளின் ஊர். 'திருவாமாத்தூர்க் கலம்பகம்' பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. பார்வையற்றவர் தோளில் சுமக்க, மேலே இருப்பவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். ஆறு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். வெள்ளம் வந்து ஆறே திசை மாறி, அவர்கள் பாட்டை மெய்யாக்கியது என்று கதை சொல்கிறார்கள்.

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளும் (1839-1898) அந்த வரிசையில் வருபவர்தான். திருநெல்வேலியில் பிறந்தவர், கோவணமும் கையில் தண்டமுமாகத் தமிழகம் முழுக்கச் சுற்றினார். போன இடமெல்லாம் பாடினார். கடைசியில் திருவாமாத்தூரில் கௌமார மடாலயம் அமைத்து, இங்கேயே சமாதியடைந்தார். நம் பையைக் கொஞ்சம் இலேசாக்கத் தோன்றுகிறது, இல்லையா?

இரண்டாம் நாள்: மண்டகப்பட்டு, செஞ்சி

செஞ்சி போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி மண்டகப்பட்டு. ஒரே பாறையில் குடைந்த சிறிய குகைக்கோயில். வாசலின் இருபுறமும் ஆளுயரத் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று கருவறைகள், இப்போது மூன்றுமே காலி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமாலுக்கு இதை எடுப்பித்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் பெருமையோடு சொல்லியிருக்கிறான். 7-ம் நூற்றாண்டில் சொன்னது. அவன் சொன்ன கல் இன்னும் நிற்கிறது.

அடுத்தது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் மதில் வளைத்திருக்கிறது. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. ராஜாராமோ அதற்குள் தப்பிவிட்டார்! 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதை, தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் ஏறினால் படி ஏற முடியாது. மண்டகப்பட்டை விடியலிலேயே முடித்துவிட்டு முற்பகலில் செஞ்சியில் இருங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள்.

மூன்றாம் நாள்: திருவக்கரை

வக்கிரகாளி அம்மனுக்காகப் பௌர்ணமியன்று கூட்டம் அலைமோதும் ஊர். கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், அருகில்தான் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளம் அடித்துவந்து மண்ணில் புதைத்த மரங்கள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் திசுக்களில் மெல்ல மெல்ல மணற்சத்தான சிலிக்கா புகுந்து இறுகிவிட்டது. வளையங்கள்கூட அப்படியே தெரிகின்றன. தட்டினால்தான் கல் என்று தெரியும். ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. ஆளுக்கொரு துண்டு என்றால் பூங்காவில் என்ன மிஞ்சும்?

இந்தப் பக்கம் பஸ் குறைவு. இறங்கும்போதே திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ஒரு ராத்திரியாவது தங்குங்கள்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில், மீதி ஒன்று நம் செஞ்சி. இனி கூட்டம் வரும். ஆனால், சென்னையிலிருந்து காரில் வந்து, கோட்டையில் செல்ஃபி எடுத்துவிட்டு, சாயங்காலமே பைபாஸ் ஏறிவிட்டால் இந்த ஊர்களுக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் பாட்டில்தான். லாட்ஜ்காரருக்கும், இட்லிக் கடை அம்மாவுக்கும், இளநீர் விற்கும் அண்ணனுக்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடைக்க வேண்டுமென்றால், வருகிறவர்கள் இங்கே தங்க வேண்டும். மண்டகப்பட்டுக்கும் திருவக்கரைக்கும் நாலு பேர் கூடுதலாக வந்து போனால்தான், கூடுதலாக ஒரு பஸ் கேட்கவும் ஒரு கழிப்பறை கேட்கவும் அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்ப்பு வரும்.

அடுத்த முறை ரயில் விழுப்புரத்தில் நிற்கும்போது, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். புதுச்சேரி எங்கேயும் ஓடிப்போகாது!