சதுப்பு நிலத்தில் ஒரு கோடை – 2: வெள்ளையா, பழுப்பா?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு வரை குறைகிறது என்று தெரிய வேண்டுமானால், விடிவதற்குள் கரையில் இருக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் மீனும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். வெயில் வந்தால்தான் பாசி அதைத் திரும்பத் தரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அதே இடத்தில், அதே நாளில், காலையில் ஒரு அளவும் மதியம் வேறொரு அளவும் கிடைப்பது இதனால்தான்.

“டைம் போடாம வெறும் நம்பரை மட்டும் எழுதாதீங்கப்பா, அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது” என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களை வழிநடத்தும் ஆய்வு மாணவி அவர். கோடைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எல்லோருக்குமே அக்காதான்.

சோதனையைக் கரையிலேயே தொடங்கிவிட வேண்டும். 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் குமிழி புகாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் அயோடைடு கலந்த காரக் கரைசலும் விட்டு, மூடிக் குலுக்குகிறோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாகப் படியும். இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். சம்புக் கோரை ஓரம் எடுத்த குப்பி பழுப்பானது. கழிவுநீர் வந்து சேரும் மூலையில் எடுத்தது, பால் திரிந்ததுபோல் வெளுத்தே கிடந்தது. மீன் வாழும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். பாடப்புத்தகத்தில் பல முறை படித்ததுதான். ஆனாலும் அந்த வெள்ளைக் குப்பி கைக்கு வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சற்றுத் தள்ளி நீலத் தாழைக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

தென்சென்னையின் மழைநீர் வடிந்து வரும் பள்ளம் இது. இங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. ஒரு கரையில் பெருங்குடிக் குப்பை மேடு. 2022இல் இந்தச் சதுப்பு நிலத்தை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பெருமை இதற்குத் தகும். ஆனால் பட்டியலில் சேர்ந்ததாலேயே தண்ணீர் தெளிந்துவிடாது.

எனக்கு ஒரு குறை உண்டு. கல்லூரி மாணவர்களை இங்கே அனுப்புவது கோடை விடுமுறையில் மட்டும்தான். மே மாதம் நீர் வற்றிக் கழிவின் அடர்த்தி கூடியிருக்கும்; வடகிழக்குப் பருவமழையில் இதே இடம் வெள்ளம் தாங்கும் ஏரியாகிவிடும். கோடைக் கணக்கை மட்டும் வைத்து இந்தச் சதுப்பு நிலத்தைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். மழைக்காலத்திலும் வந்து அளக்கிறோம் என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் ஒக்கியம் மடுவு.

(தொடரும்)