கால் ஆறிவிட்டது, ஆட்டத்துக்கு ஆயத்தமா?

மெட்டுகுடாவின் ரயில்வே குடியிருப்புகளில் தமிழ்க்குரல் புதிதன்று. படைமுகாம் வேலைக்கும் ரயில் வேலைக்குமாக வந்து, செகந்தராபாத்தையே தம் ஊராக்கிக்கொண்ட குடும்பங்கள் பல. அத்தகைய வீடொன்றில் இருபது வயது இளைஞன் ஒருவன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். கபடி ஆடுபவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை பெற வேண்டும் என்பது அவனது கனவு. ஓய்வு பெறவிருக்கும் தந்தையின் கவலைக்கு மருந்தும் அதுவே. ஒருநாள், எதிரணியினர் பிடியிலிருந்து நழுவி, சட்டெனத் திரும்புகையில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போன்ற ஓர் உணர்வு. இரவுக்குள் மூட்டு வீங்கிவிட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவை நடந்தது. ஆறு மாதம் சென்றது. தேர்வாட்டத்துக்கு நாள் குறித்த செய்தி வருகின்றது. "அப்பா, இப்பொழுது வலியே இல்லை. நான் போகலாமா?" என்று கேட்கின்றான் மகன். தந்தை என்ன விடை சொல்வது?

அதற்கு முன், கிழிந்தது எது என்பதை அறிந்துகொள்வோம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே குறுக்காகப் பிணைத்து நிற்கும் நார்கள் இரண்டு. அவற்றுள் முன்புறம் இருப்பதையே மருத்துவமனைச் சீட்டுகளில் ஏ.சி.எல். என்று எழுதுகின்றனர், நாம் ஜவ்வு என்கின்றோம். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுகாமலும், மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. நேராக நடப்பவனுக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. ஓடும்போது சட்டென நிற்பவனுக்கும், திரும்புபவனுக்கும், தாவி ஒற்றைக்காலில் இறங்குபவனுக்குமே இது இன்றியமையாதது. ஆகையால் வலியின்றி நடக்க முடிகின்றது என்பது ஆட்டத்துக்குச் சான்று ஆகாது.

அறுவையின்போது மருத்துவர், தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ எடுத்த நாணைப் பழைய ஜவ்வின் இடத்தில் பொருத்துகின்றார். ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். இலை பசுமையாகத் தோன்றும். ஆயினும் ஒட்டிய இடம் இறுகியிராது. அவ்வாறே, பொருத்திய நாணும் முதலில் தன் உரத்தில் சிறிது இழந்து, பின்னர்க் குருதியோட்டம் பெற்று, மெல்ல மெல்ல ஜவ்வின் தன்மையை அடைகின்றது. இம்மாற்றம் முற்றுப்பெற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். வலி நீங்குவதோ அதற்கு நெடுநாள் முன்பே. ஆபத்து மறைந்திருப்பது இந்த இடைவெளியிலேதான்.

இதனை எடுத்துக்காட்டிய ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு என்பது அதன் பெயர். இவ்வறுவை செய்துகொண்ட 106 பேரை ஆய்வாளர்கள் ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்தோறும் மீண்டும் காயம்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சோதனைகளில் தேறாமலே ஆட வந்தவர்களுள் 100-க்கு 38 பேர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர்; தேறி வந்தவர்களுள் 100-க்கு 6 பேருக்கும் குறைவானவர்களே காயமுற்றனர். எனவே ஒன்பது மாதம் காத்தலும் வேண்டும். சோதனையில் தேறுதலும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அச்சோதனைகள் யாவை? முதலாவது, மூட்டின் நிலை. வீக்கம் இருத்தல் ஆகாது. கால் முழுவதும் நீள வேண்டும். முழுவதும் மடங்க வேண்டும். பயிற்சி செய்த மறுநாள் மூட்டு வீங்குமாயின், அது தாங்கும் அளவை மீறிவிட்டோம் என்பதே பொருள்.

இரண்டாவது, தசையின் வலிமை. அறுவைக்குப் பின் முன்தொடைத் தசை மெலிந்துவிடும். அதற்கெனவுள்ள இயந்திர நாற்காலியில் அமர்ந்து காலை உதைத்து நீட்டினால், அதன் வலிமை எண்ணாகத் தெரியும். காயமுற்ற காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் 100-க்கு 90 பங்காவது இருத்தல் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இங்கே ஓர் எச்சரிக்கை. பல மாத ஓய்வில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்ததோடு மெலிந்ததை ஒப்பிட்டு, 'இரண்டும் சமம்' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இயலுமாயின், அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, ஒற்றைக்காலில் தாவுதல். நொண்டி ஆடிய நமக்கு இது புதிதன்று. ஒரே தாவலில் கடக்கும் தூரம், தொடர்ந்து மூன்று தாவல்களில் கடக்கும் தூரம், கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாவிக் கடக்கும் தூரம், 6 மீட்டரை நொண்டிக் கடக்கும் நேரம் என நான்கு அளவுகள் உண்டு. இவற்றிலும் 90 பங்கு என்பதே கணக்கு. தூரம் மட்டும் போதாது. இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்கின்றதா, உடல் தள்ளாடுகின்றதா என்பதையும் பயிற்சி மருத்துவர் உற்று நோக்குவார். இவற்றை அவர் முன்னிலையிலன்றி வீட்டு முற்றத்தில் செய்து பார்த்தல் தகாது.

நான்காவது, உள்ளம். "மறுபடியும் அறுந்துவிடுமோ" என்ற அச்சம் உள்ளவன் நல்ல காலையே நம்பி ஆடுவான். ஆட்டத்தின் நடுவே தயங்குவான். இவ்வச்சத்தை அளப்பதற்கென்றே 2008-ஆம் ஆண்டில் ஒரு வினாத்தாள் வகுக்கப்பட்டது. அச்சத்தைக் கோழைத்தனம் என்று எள்ளாமல், மனம்விட்டுப் பேச இடம் கொடுப்பது வீட்டாரின் கடமை.

இவை அனைத்திலும் தேறியவனும் உடனே பெரிய களத்தில் இறங்குவதில்லை. தனிப் பயிற்சி, குழுப் பயிற்சி, சிறிய ஆட்டம், பெரிய ஆட்டம் எனப் படிப்படியாகவே ஏறுதல் வேண்டும். ரவீந்திர ஜடேஜா 2022 செப்டம்பரில் முழங்கால் அறுவை செய்துகொண்டார். அவர் முதலில் திரும்பியது டெஸ்ட் ஆட்டத்துக்கு அன்று. 2023 ஜனவரியில் நம் சேப்பாக்கம் மைதானத்தில், தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் சௌராஷ்டிரத்துக்காகப் பந்து வீசி, ஓர் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகளை எடுத்தார். அதன் பின்னரே பிப்ரவரியில் நாகபுரி டெஸ்டில் ஆடினார். காயம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே நாம் கொள்ள வேண்டியது அவரது மாதக் கணக்கை அன்று, முறையையே.

ஹைதராபாத்திலேயே மற்றொரு சான்று உண்டு. பூப்பந்தாட்ட வீரர் புல்லேல கோபிசந்த் 1994-இல் புனேயில் நடந்த தேசிய விளையாட்டில், இரட்டையர் ஆட்டத்தின்போது இந்த ஜவ்வு அறுந்து வீழ்ந்தார். ஈராண்டுகள் சென்றபின், 1996-இல், தேசியச் சாம்பியன் ஆனார். 2001 மார்ச்சில் ஆல் இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சீன வீரர் சென் ஹாங்கை வென்று பட்டம் சூடினார். பிரகாஷ் படுகோனேக்குப் பின் அதனை வென்ற இந்தியர் அவரே. காயத்துக்கும் அக்கோப்பைக்கும் இடையே ஏழாண்டுகள். மெதுவாகத் திரும்புபவன் திரும்பாமற் போவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

இனி நம் மெட்டுகுடாத் தந்தையிடம் வருவோம். அவர் மகனுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான்: "தம்பி, இந்த ஆண்டுத் தேர்வாட்டம் போனால் வேறொன்று வரும். இரண்டாம் முறை ஜவ்வு அறுந்தால், ஆட்டமே போய்விடக்கூடும். ஒன்பது மாதம் ஆகட்டும். மருத்துவர் அளந்து பார்க்கட்டும். அதன் பிறகு நானே உன்னை மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்." இவ்விடை அவ்விளைஞனுக்கு அன்று கசக்கும். ஆனால் அவனுக்குக் காலையும் ஆட்டத்தையும் ஒருங்கே காத்துத் தருவது இதுவே. நாட்காட்டி நாளைச் சொல்லும். வலியின்மை ஆசையைத் தூண்டும். ஆயத்தத்தைச் சொல்ல வல்லது அளவீடு ஒன்றே.