அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திரத்தைக் கேளுங்கள்

கொடைக்கானலில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரரை நேரில் பார்ப்பது அபூர்வம். நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, வில்பட்டிப் பக்கம் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னை, மதுரை, பெங்களூரு என்று வெளியூர்களில் இருக்கிறார்கள். சாவி காவலாளியிடம், பேச்சு தரகர் வழியாக. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் சேர வரும் மாணவிக்கும், மாற்றலாகி வரும் ஊழியருக்கும் ஊர் புதிது. ஏமாற்ற நினைப்பவருக்கு இது போதும்.

சில மோசடிகள் கைப்பேசியிலேயே முடிந்துவிடும். அழகான வீட்டின் படம், நம்ப முடியாத குறைந்த வாடகை, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வர முடியாது, டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்ற பேச்சு. பிறகு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்புவார்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஒத்தி. மாத வாடகை வேண்டாம், மொத்தமாகச் சில லட்சம் கொடுங்கள் என்பார்கள். தரகர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டையே உங்களுக்கு ஒத்திக்கு விட்டிருப்பார். வீட்டுக்காரருக்குச் சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும். யாருக்கும் சந்தேகம் வராது. அது நின்றதும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். உங்கள் கையில் இருப்பது தரகர் கையெழுத்துப் போட்ட தாள் மட்டுமே. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது.

காட்டேஜ் நடத்த வீட்டைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் கட்டட அனுமதியையும் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி 2019-ல் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்தது. வீட்டுக்காரர் உண்மையானவராகவே இருந்தாலும், கட்டடம் பூட்டப்பட்டால் கொடுத்த பணம் திரும்பி வருவது பெரும்பாடு.

ஆகவே பத்திர நகல், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது மூன்றையும் கேளுங்கள். மூன்றிலும் உள்ள பெயர் வீட்டுக்காரரின் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பதியாத ஒத்தி அதில் தெரியாது. அதனால் பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிடுங்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் வீடியோ அழைப்பில் பேசி, அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புங்கள். "இப்போதே போடாவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவார்" என்று அவசரப்படுத்தினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சீசன் வந்துவிட்டது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்றவும் முடியாது.

பணம் போய்விட்டதா? இணையவழியில் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வேகமாகச் சொன்னால் அந்தப் பணத்தை வங்கியில் முடக்க வழியுண்டு. ரசீதுகள், உரையாடல்கள் எதையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள்.